அரைக்கம்பத்தில் தேசியக் கொடி: எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பீருமேடு தாலுகாவில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராக இருந்தேன். கொடிக்கம்பத்துக்கும் கொடிக்கும் பொறுப்பு என்னிடம்தான். அரசு துக்கம் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் சிறு அலுவலகங்களிலிருந்தும் தொலைபேசி வரும். உத்தரவு மலையாளத்தில் இருக்கும். மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் ‘கொடி அரைக்கம்பத்தில் பறக்கவிடப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். எப்படிப் பறக்கவிட வேண்டும், யாருக்காக, எத்தனை நாள் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்காது. கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இவற்றுக்கு அடிப்படை 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி விதிகளும், 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும்.

அரைக்கம்பம் என்றால் சரியாக எவ்வளவு உயரம்?

கம்பத்தைத் தாங்கிப் பிடிக்க இழுகயிறு கட்டியிருந்தால், அந்தக் கயிறு கட்டிய இடத்துக்கும் கம்பத்தின் உச்சிக்கும் நடுவே கொடி நிற்க வேண்டும். இழுகயிறு இல்லாத கம்பம் என்றால் கம்பத்தின் பாதி உயரம். இருபது அடிக் கம்பத்தில் பன்னிரண்டாவது அடியில் இழுகயிறு கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மிஞ்சுவது எட்டு அடி, அதில் பாதி நான்கு. ஆகவே கொடி தரையிலிருந்து பதினாறு அடியில் நிற்கும். இழுகயிறே இல்லையென்றால் பத்து அடி. நம் பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் சிமெண்ட் மேடையில் நட்ட இரும்புக் குழாய்கள். அவற்றுக்கு இழுகயிறு கிடையாது. எனவே பாதிக்கணக்கே போதும்.

நேராகப் பாதி உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் போதாதா?

போதாது. அதிகமாக நடக்கும் தவறு இதுதான். என்னைக் கேட்டால் வருத்தம் தரும் தவறும் இதுதான்.

முதலில் கொடி உச்சிவரை போக வேண்டும். அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். பிறகுதான் பாதிக்கு இறங்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் அப்படியே: பாதியிலிருந்து நேராகக் கீழே கொண்டுவரக் கூடாது. மறுபடி உச்சிக்கு ஏற்றி, அதன் பிறகே இறக்க வேண்டும். ஏற்றும்போது விரைவாக, இறக்கும்போது மெதுவாக என்பது எல்லா நாட்களுக்கும் உள்ள பொது விதி.

ஏன் உச்சிக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொடியின் இடம் உச்சி. அங்கே போய்விட்டு இறங்கும்போதுதான் அது தாழ்த்தப்பட்ட கொடி ஆகிறது. நேராகப் பாதியில் கட்டிய கொடியைப் பார்ப்பவருக்கு, ஏற்றியவர் பாதியில் விட்டுவிட்டுப் போனது போலத் தோன்றும்.

எங்கள் ஊரில் ஆடி மாத மழை பக்கவாட்டில் அடிக்கும். கயிறு நனைந்து ஊறி, கப்பியில் சிக்கிக்கொள்ளும். கொடித்துணி கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு நாள் எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் கொடியை உச்சிக்கு ஏற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பனிமூட்டத்தில் உச்சி தெரியவில்லை. கை உணர்ந்த இழுவையை வைத்துத்தான் கொடி மேலே தட்டிவிட்டது என்று அறிந்தார். பிறகு ஒவ்வொரு பிடியாக விட்டார். கயிற்றில் ஓரிடத்தில் சிவப்பு நூல் ஒன்று முடிந்திருந்தது. அந்த முடிச்சு கம்பத்தின் கொக்கிக்கு நேராக வந்ததும் நிறுத்தி, இரண்டு சுற்று சுற்றிக் கட்டினார். பாதி உயரத்தை வெயில் நாளில் அளந்து அவரே போட்டு வைத்த அடையாளம் அது. மழை நாளில் ஏணி வைத்து அளக்க முடியாது என்று முன்பே யோசித்திருக்கிறார். கம்பம் வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்துகொள்ளலாம்.

யார் இறந்தால் எங்கே தாழ்த்த வேண்டும்?

விதிகளில் ஓர் அட்டவணையே இருக்கிறது. குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர், பிரதமர் ஆகிய மூவர் மறைந்தால் நாடு முழுவதும். மக்களவைத் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்றால் டெல்லியில் மட்டும். மத்திய கேபினட் அமைச்சர் என்றால் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். மத்திய இணை அமைச்சர், துணை அமைச்சர் என்றால் டெல்லியில். ஆளுநர், துணைநிலை ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் அல்லது யூனியன் பிரதேசம் முழுவதும். மாநில கேபினட் அமைச்சர் என்றால் அந்த மாநிலத் தலைநகரில்.

ஆகவே கேரள அமைச்சர் ஒருவர் பதவியில் இருக்கும்போது மறைந்தால், இந்த அட்டவணைப்படி திருவனந்தபுரத்தில் கொடி தாழும். குமுளியிலும் மூணாறிலும் தாழ வேண்டியதில்லை. அவர் நம் தொகுதிக்காரராகவே இருந்தாலும் இதுதான் விதி. ஆனால் இறுதிச் சடங்கு நடக்கும் நாளில், அது நடக்கும் ஊரில் கொடி தாழ வேண்டும். மாநில அரசு துக்கம் அறிவித்துவிட்டால் அந்த நாட்கள் முழுவதும், மாநிலம் முழுவதும் தாழ வேண்டும்.

அட்டவணையில் முன்னாள் முதல்வர்கள் இல்லையே?

இல்லை. அட்டவணை பதவியில் இருப்பவர்களுக்கானது. முன்னாள் தலைவர்கள் மறையும்போது கொடி தாழ்வது, அரசு தனியாக அறிவிக்கும் துக்கத்தால். கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மறைந்தபோது அவர் முன்னாள் குடியரசுத் தலைவர். மத்திய அரசு ஏழு நாள் துக்கம் அறிவித்தது. 2018 ஆகஸ்ட் 7 அன்று கருணாநிதி மறைந்தபோது தமிழக அரசு ஏழு நாள் அறிவித்தது. 2024 டிசம்பர் 26 அன்று மன்மோகன் சிங் மறைந்தபோதும் ஏழு நாள், புத்தாண்டு அன்றும் கொடி தாழ்ந்தே இருந்தது.

கேரளத்தில் உம்மன் சாண்டி 2023 ஜூலை 18 அன்று மறைந்தார். இரண்டு நாள் துக்கம் அறிவிக்கப்பட்டது. வி. எஸ். அச்சுதானந்தன் 2025 ஜூலை 21 பிற்பகலில் மறைந்தார். 22 முதல் மூன்று நாள். 2001 முதல் 2021 வரை அவர் சட்டமன்றத்துக்குப் போனது மலம்புழா தொகுதியிலிருந்து. வாளையாற்றைத் தாண்டி வேலைக்குப் போய்வரும் பாலக்காட்டுத் தமிழர்களுக்கு அந்த மூன்று நாட்கள் வேற்று மாநிலச் செய்தியாக இருக்கவில்லை. எத்தனை நாள் என்பது ஒவ்வொரு முறையும் உத்தரவைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியது. ‘போன முறை மூன்று நாள்தானே’ என்று நினைவை வைத்து நடத்த வேண்டாம்.

குமுளியில் கொடி தாழ்ந்திருக்கிறது, எல்லை தாண்டியதும் முழு உயரத்தில் பறக்கிறது. ஒரே நாடு, ஒரே கொடி. யார் செய்தது தவறு?

யாரும் தவறு செய்யவில்லை. எல்லையோரத்தில் வாழாதவர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

மாநிலத் துக்கம் மாநில எல்லையோடு நின்றுவிடும். குமுளியில் கேரளத்தின் கடைசிக் கடையிலிருந்து தமிழகத்துப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்தச் சில அடிகளுக்குள் ஒரே மூவர்ணக் கொடி இரண்டு உயரங்களில் இருக்க இடமுண்டு. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவிலும், ஆரியங்காவுக்கும் செங்கோட்டைக்கும் நடுவிலும், நகரியிலிருந்து திருத்தணி வரும் வழியிலும் இதே கதைதான். ஆந்திர முதல்வராக இருந்த ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி 2009 செப்டம்பர் 2 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். பதவியில் இருந்த முதல்வர் என்பதால் அட்டவணைப்படி அந்த மாநிலம் முழுவதற்கும் உரிய துக்கம் அது. சித்தூரின் தமிழ் வீடுகளும் அந்த மாநிலத்துக்குள்தான் இருக்கின்றன.

மேலே சொன்ன 2023 ஜூலை 18-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய நாள் என்பதால் ஜூலை 18-ஐத் தமிழகம் ‘தமிழ்நாடு நாள்’ எனக் கொண்டாடுகிறது. அன்று மலைக்குக் கீழே விழா, மலைக்கு மேலே துக்கம். லோயர் கேம்ப்பிலிருந்து காலையில் ஏறி வந்த ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தார்கள். நீங்கள் எந்த மண்ணில் இருக்கிறீர்களோ, அந்த மண்ணின் உத்தரவுப்படி உங்கள் கம்பம். சொந்த ஊர் எது, தாய்மொழி எது என்பதைக் கொண்டு இது மாறாது.

இறந்த செய்தி மாலையில்தான் வந்தது. என்ன செய்வது?

நண்பகலுக்குப் பிறகு செய்தி வந்தால் மறுநாளும் தாழ்த்த வேண்டும், அந்த நாள் சூரியன் உதிக்கும் முன்பே இறுதிச் சடங்கு முடிந்திருந்தால் தவிர. முதல்வராக இருந்த ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 இரவு பதினொன்றரை மணிக்கு மறைந்தார். அடக்கம் 6-ஆம் தேதி மாலை மெரினாவில். எனவே தனியாகத் துக்கம் அறிவிக்காமலே இருந்திருந்தாலும் 6-ஆம் தேதி தமிழகம் முழுவதும் கொடி தாழ்ந்திருக்க வேண்டும். அரசு ஏழு நாள் அறிவித்ததால் அந்தக் கணக்குக்கே வேலை இல்லாமல் போயிற்று.

துக்க நாளும் சுதந்திர தினமும் ஒன்றாக வந்தால்?

கொடி தாழாது. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள், ஜாலியன்வாலா பாக் தியாகிகளின் நினைவாக ஏப்ரல் 6 முதல் 13 வரை வரும் தேசிய வாரம், மாநிலம் உருவான நாள், மத்திய அரசு குறிப்பிடும் பிற தேசிய மகிழ்ச்சி நாட்கள் ஆகியவற்றில் கொடி முழு உயரத்தில்தான் பறக்கும். ஒரே ஒரு விலக்கு உண்டு. மறைந்தவரின் உடல் எந்தக் கட்டடத்தில் வைக்கப்பட்டிருக்கிறதோ, அந்தக் கட்டடத்தில் மட்டும் தாழ்த்தலாம். உடலை வெளியே எடுத்துச் சென்றதும் அங்கும் கொடி உச்சிக்குப் போக வேண்டும்.

காமராசர் மறைந்தது 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். இன்றைய விதியை அந்த நாளுக்குப் பொருத்திப் பார்த்தால், துக்கமே அறிவித்தாலும் அன்று தமிழகமெங்கும் கொடி உச்சியில் பறந்திருக்கும். அவர் உடல் இருந்த கட்டடத்தின் கொடி ஒன்று மட்டும் தாழ்ந்திருக்கும். மறுநாள்தான் மற்றவை தாழும்.

வாஜ்பாய் மறைந்தது 2018 ஆகஸ்ட் 16 மாலை. ஒரு நாள் முன்னதாக என்றால் இந்த விதி வேலை செய்திருக்கும். 16 முதல் 22 வரை ஏழு நாள் துக்கம். எங்களுக்கு அந்த வாரம் வெள்ள வாரம். ஆகஸ்ட் 15 விடியற்காலையில் முல்லைப் பெரியாறு அணையின் மதகுகள் திறந்து வண்டிப்பெரியாற்றில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பள்ளிகளில் முகாம்கள் நடந்தன. எங்கள் கொடிக்கயிற்றில் ஈரத்துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அன்றாடம் கொடி பறக்கும் கம்பமும் இல்லை. இதுதான் அடுத்த கேள்விக்கும் பதில்.

எங்கள் பள்ளியில் தினமும் கொடி ஏற்றுவதில்லை. துக்கம் அறிவித்தால் புதிதாக ஏற்றித் தாழ்த்த வேண்டுமா?

வேண்டாம். ‘தேசியக் கொடி வழக்கமாகப் பறக்கும் கட்டடங்களில்’ என்றுதான் உத்தரவில் இருக்கும். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம், நகராட்சி போன்றவை அவை. ஆண்டுக்கு இரண்டு முறை கொடியேற்றும் பள்ளிக்கூடமோ சங்கமோ துக்கத்துக்கென்று கொடியை வெளியே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காலைப் பிரார்த்தனையில் மறைந்தவர் யார், என்ன செய்தார் என்று ஐந்து நிமிடம் பிள்ளைகளுக்குச் சொல்லி, மௌனமாக நிற்கச் சொன்னால் போதும்.

துக்கம் என்றால் விடுமுறையா?

இல்லை. இரண்டும் வெவ்வேறு முடிவுகள். துக்க நாட்களில் கொடி தாழும், அரசின் கேளிக்கை நிகழ்ச்சிகள் நடக்காது. விடுமுறை வேண்டுமென்றால் அதைத் தனியாக அறிவிப்பார்கள். உம்மன் சாண்டி மறைந்தபோது முதல் நாள் விடுமுறை, துக்கம் இரண்டு நாள்.

வீட்டு மாடியில் கொடி வைத்திருக்கிறேன். எங்கள் தாத்தா இறந்துவிட்டார். தாழ்த்தலாமா?

உங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறேன். ஆனால் தாழ்த்தக் கூடாது. அரசு உத்தரவுப்படி பொதுக் கட்டடங்களில் கொடி தாழ்ந்திருக்கும் நாட்களைத் தவிர வேறு எந்த நாளிலும் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது அவமதிப்பு என்று 1971 சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டப்படி அவமதிப்புக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வீட்டில் கொடி பறக்கவிடும் உரிமையை 2004-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது. 2022 ஜூலை முதல் வீட்டில் இரவிலும் பறக்கலாம். உரிமை உண்டு, தாழ்த்துவது மட்டும் நம் விருப்பத்தில் இல்லை. அன்று கொடியை முறையாக இறக்கி மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். பறக்காத கொடி யாரையும் அவமதிக்காது.

சிலர் எதிர்ப்பைக் காட்டவும் அரைக்கம்பத்தைப் பயன்படுத்த நினைக்கிறார்கள். சாலை போடவில்லை, குடிநீர் வரவில்லை என்பதற்காகத் தேசியக் கொடியைத் தாழ்த்துவதற்கும் அதே சட்டம்தான்.

வெளிநாட்டுத் தலைவர்கள் மறைந்தால்?

ஒவ்வொரு முறையும் மத்திய உள்துறை அமைச்சகம் தனி உத்தரவு அனுப்பும். எலிசபெத் அரசிக்கு 2022 செப்டம்பர் 11 அன்று ஒரு நாள். போப் பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று மறைந்தபோது 22, 23 தேதிகளிலும், அடக்கம் நடந்த 26-ஆம் தேதியும் என மூன்று நாள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

கடலிலிருந்து. 1612-இல் கிரீன்லாந்துக் கரையில் ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் தலைவர் கொல்லப்பட்டார். அவரை இழந்த கப்பல் கொடியைத் தாழ்த்திப் பறக்கவிட்டபடி வந்தது என்பதே இது பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் பழைய செய்தி. மேலே விட்ட வெற்றிடம், கண்ணுக்குத் தெரியாத மரணத்தின் கொடிக்கானது என்று ஒரு விளக்கம் உண்டு. பிரிட்டனின் பழைய வழக்கம் ஒரு கொடியின் அகலம் அளவுக்கே தாழ்த்துவது. நாம் பாதிவரை தாழ்த்துகிறோம்.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், சவூதியில் மன்னர் இறந்தாலும் கொடி தாழ்வதில்லையே என்று கேட்பார்கள். அந்தக் கொடியில் இஸ்லாமிய உறுதிமொழி எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தாழ்த்துவது பொருந்தாது என்பதால் அவர்கள் தாழ்த்துவதில்லை.

தேசியக் கொடியோடு கருப்புத் துணி கட்டலாமா?

நீங்களாகக் கட்டக் கூடாது. துக்க அணிவகுப்பில் கொடியை ஏந்திச் செல்லும்போது கம்பின் ஈட்டி முனையில் இரண்டு கருப்புப் பட்டைகள் இயல்பாகத் தொங்கும்படி கட்டலாம், அதுவும் அரசு உத்தரவிட்டால் மட்டும். இங்கே சாவு வீட்டுத் திருப்பத்தில் கட்டும் கருப்புக் கொடி வேறு. அது ஊர் வழக்கம். வழி தெரியாமல் வரும் உறவினருக்கு வழியும் காட்டும். அதில் யாரும் தலையிடப்போவதில்லை.

கட்சிக் கொடி, சங்கக் கொடிகளுக்கும் இதே விதியா?

இல்லை. தேசியக் கொடிக்கான விதிகள் தேசியக் கொடிக்கு மட்டுமே. தோட்டத்தில் ஒரு பழைய தோழர் இறந்தால் சங்க அலுவலகத்தில் சிவப்புக் கொடி பாதியில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் பத்திரிகையில் வராத மனிதர்களுக்கும் கொடி தாழ்வது அங்கேதான். அது அவர்கள் உரிமை. பொது இடத்தில் அனுமதியில்லாமல் கொடிக்கம்பம் நடுவது மட்டும் வேறு விவகாரம். 2025 தொடக்கத்தில் கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கின்றன.

இறந்தவர் மீது தேசியக் கொடி போர்த்துவது பற்றி?

அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கு, ராணுவம், துணை ராணுவப் படையினரின் இறுதிச் சடங்கு ஆகியவற்றில் மட்டுமே. காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையோடு எரிக்கவும் கூடாது. உடலை இறக்கும் முன் வீரர்கள் நான்கு மூலைகளையும் பிடித்து எடுத்து மடிப்பார்கள். நம் பக்கத்துப் பையன் ஒருவன் படையிலிருந்து பெட்டியில் வந்தபோது, அப்படி மடித்த கொடியை அவன் அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களால் காவி ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகு, காவி எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சிறு கவனக்குறைவும் பொறுக்கவில்லை.

தாழ்த்திய கொடியை மறந்துவிட்டோம், துக்கம் முடிந்தும் அப்படியே இருந்தது. என்ன ஆகும்?

உடனே திருத்துங்கள். எங்கள் பகுதியில் ஓர் அலுவலகத்தில் துக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியும் கொடி பாதியில் நின்றது. தாழ்த்தியவர் விடுப்பில் போய்விட்டார். மற்றவர்களுக்கு அது தங்கள் வேலை என்று தோன்றவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய முதியவர் ஒருவர் என்னிடம் ‘இன்று யார் போனது, சாரே?’ என்று பதறிக் கேட்டார். யாரும் போகவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. உத்தரவு வந்ததும் தாழ்த்தும் தேதியையும் மீட்கும் தேதியையும் சேர்த்தே அலுவலகச் சுவரில் எழுதுங்கள். பொறுப்பாளர் இருவராக இருக்கட்டும்.

உத்தரவில் வரும் மலையாள, தெலுங்குச் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது?

மலையாளத்தில் ‘துக்காசரணம்’ என்றால் துக்கம் அனுசரித்தல். ‘பகுதி தாழ்த்திக் கெட்டணம்’ என்றால் பாதி தாழ்த்திக் கட்ட வேண்டும். அதில் வரும் ‘பகுதி’ பாதி என்ற பொருள் தருவது, நம் தமிழில் ‘ஒரு பகுதி’ என்று சொல்வது போல ஏதோ கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சொல்லால் கொடியை ஓரடி மட்டும் இறக்கியவர்கள் உண்டு. தெலுங்கில் ‘சந்தாப தினாலு’ துக்க நாட்கள். ‘ஜெண்டா அவனதம்’ என்று கண்டால் கொடி தாழ்த்துதல்.

பெரிய பதவியில் இருந்தவர்களுக்குத்தான் கொடி தாழுமா? நம்மைப் போன்றவர்களுக்கு?

இதைக் கேட்டவர் மூணாறு பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த பெண், என் பழைய மாணவி. கேட்கும்போது அவர் மனதில் இருந்தது பெட்டிமுடி.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் (வரிசை வீடுகள்) மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலானவர்கள் தமிழர்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்கள், இந்த மண்ணுக்குள்ளேயே அடக்கமானார்கள்.

அட்டவணையில் அவர்களுக்கான வரி இல்லை. அந்த அட்டவணை பதவிகளுக்காக எழுதப்பட்டது. ஆனால் துக்கம் அறிவிக்கும் அதிகாரம் அட்டவணையோடு முடிந்துவிடவில்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் அழிந்தபோது கேரள அரசு அன்றும் மறுநாளும் துக்கம் அறிவித்தது. மாநிலம் முழுவதும் கொடி தாழ்ந்தது. அங்கே இறந்தவர்கள் முதல்வரும் ஆளுநரும் இல்லை. தோட்டத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள். அரசு நினைத்தால் சாமானியருக்காகவும் கொடி தாழும் என்பதற்கு அந்த இரண்டு நாட்களே சான்று. கேட்க வேண்டியவர்களிடம் இதை உரிமையோடு கேட்கலாம். எழுத்தில் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம்.

அப்படியென்றால் ஆகஸ்ட் 6 அன்று நாங்களாகவே எஸ்டேட்டில் தேசியக் கொடியைத் தாழ்த்தலாமா?

உத்தரவு இல்லாமல் கூடாது. சங்கக் கொடியைத் தாழ்த்தலாம். கருப்புப் பட்டை அணியலாம், விளக்கு ஏற்றலாம். ஜனவரி 30 காலை 11 மணிக்குத் தியாகிகளுக்காக நாடு நிற்பது போல இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கலாம்.

எங்கள் பள்ளியில் நான் ஓய்வு பெறும் வரை ஒன்று செய்தோம். ஆகஸ்ட் 7 காலைப் பிரார்த்தனைக்கு எழுபது பெயர்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொண்டுபோவோம். ஒரு பிள்ளைக்கு ஒரு சீட்டு. வரிசையாக வந்து பெயரையும் வயதையும் வாசித்துவிட்டுப் போக வேண்டும். கம்பத்தில் கொடி இருக்காது, கயிறு மட்டும் காற்றில் தட்டிக்கொண்டிருக்கும். தன் வயதே ஆன ஒரு பெயர் கையில் வந்ததும் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வாசிக்காமல் நின்றுவிட்டான். பக்கத்தில் நின்ற பிள்ளை சீட்டை எட்டிப் பார்த்து, அவனோடு சேர்ந்து வாசித்தாள்.